டொரன்டோ டிவிடி, திருச்சி பிளேயர்

டிவிடி உறையின் பின்பக்கம், பார்கோடுக்குப் பக்கத்தில், நகத்தளவில் ஓர் உலக உருண்டை அச்சாகியிருக்கும். அதன் மேல் ஓர் எண். வாங்கும்போது அது யார் கண்ணிலும் படாது. வீட்டுக்குக் கொண்டுவந்து, ட்ரேயில் வைத்து உள்ளே தள்ளி, தட்டு சுற்றும் சத்தம் கேட்டு, பத்து விநாடி கழித்துத் திரையில் 'ராங் ரீஜன்' என்று விழுந்த பிறகுதான் உறையைத் தேடி எடுப்போம்.

உலகத்தைப் பகுதிகளாகப் பிரித்து, தட்டு எந்தப் பகுதியில் ஓடலாம் என்று சொல்லும் அந்த எண்தான் ரீஜன். எந்த எண் எந்த ஊருக்கு என்பதை முதலில் சொல்லிவிடலாம். 1 என்றால் அமெரிக்காவும் கனடாவும். 2-இல் மேற்கு ஐரோப்பா, ஜப்பான், மத்திய கிழக்கு, தென்னாப்பிரிக்கா. 3 தென்கிழக்கு ஆசியா. கூடவே தென்கொரியா, தைவான், ஹாங்காங். 4-இல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, மெக்சிகோ, தென்னமெரிக்கா. 5 இந்தியா, இலங்கை, பாகிஸ்தான், ரஷ்யா, ஆப்பிரிக்காவின் பெரும்பகுதி. 6 சீனா. 7 ஒதுக்கி வைத்தது, கடைக்கு வராது. 8 விமானத்துக்கும் கப்பலுக்கும்.

இந்தப் பட்டியலைத் தமிழ்க் குடும்பம் ஒன்றின் மேல் வைத்துப் பாருங்கள். டொரன்டோவில் இருக்கும் அண்ணன் 1. லண்டன் அக்காவும் துபாய் மச்சானும் 2. சிங்கப்பூர் சித்தப்பா 3. மெல்பர்ன் தங்கை 4. திருச்சியிலோ யாழ்ப்பாணத்திலோ இருக்கும் அம்மா 5. ஒரே வீட்டு ஆட்களுக்குள் ஐந்து எண்ணும் வந்துவிடும். இதில் யார் யாருக்குத் தட்டு வாங்கி அனுப்பினாலும், ஓடாமல் போக நிறையவே வாய்ப்பு உண்டு.

நல்லவேளை, வெளிநாட்டுத் தமிழர்களுக்காக அச்சான தமிழ்ப் படத் தட்டுகளில் பல 'ஆல்', அதாவது எல்லாப் பகுதிக்கும் என்ற முத்திரையோடு வந்தவை. தொல்லை பெரும்பாலும் ஹாலிவுட், ஜப்பானிய, ஐரோப்பியப் படங்களில்தான். இயக்குநர் பேசும் தனி ஒலித்தடம், வெட்டாத பதிப்பு, எந்த ஸ்ட்ரீமிங்கிலும் கிடைக்காத பழைய படம் என்று தேடி வாங்குகிறவர்கள்தான் இதில் மாட்டுகிறார்கள்.

இந்த வேலி வந்த காரணம் எளிது. டிவிடி முதலில் ஜப்பானில் 1996 நவம்பரிலும், அமெரிக்காவில் 1997 மார்ச்சிலும் விற்பனைக்கு வந்தது. அப்போதெல்லாம் ஒரு படம் எல்லா நாட்டுத் திரையரங்குக்கும் ஒரே நாளில் போகாது. அமெரிக்காவில் ஓடி முடிந்து தட்டாக வந்த பிறகும், வேறு கண்டத்தில் படம் வெளியாகாமல் இருக்கும். அங்கே தட்டு போய்ச் சேர்ந்தால் டிக்கெட் விற்காது. ஆகவே நாடுகளைப் பிரித்து எண் போட்டார்கள். பிளேயர் செய்யும் நிறுவனங்களும் இதற்குக் கட்டுப்பட்டாக வேண்டியிருந்தது: தட்டின் குறியாக்கத்தைத் திறக்கும் சிஎஸ்எஸ் உரிமம் வேண்டுமென்றால், பிளேயர் அந்த எண்ணை மதிக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். பழைய விசிடிக்கு இந்த வம்பே கிடையாது. அதில் எண்ணே இல்லை.

இவ்வளவு பெரிய வேலியின் உடல் எவ்வளவு சிறியது என்று பார்த்தால் சிரிப்பு வரும். தட்டைக் கணினியில் போட்டு, 'வீடியோ டிஎஸ்' கோப்புறையைத் திறந்தால், அதே பெயரில் ஓர் ஐஎஃப்ஓ கோப்பு இருக்கும். கோப்பை பைட் பைட்டாகக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் அதைத் திறந்து, முதல் பைட்டை 0 என்று வைத்து எண்ணிக்கொண்டே போனால், 35 என்ற இடத்தில் இருக்கும் ஒரே ஒரு பைட்தான் அது. எட்டு பிட்டுக்கு எட்டு எண். வலது ஓரம் 1, இடது ஓரம் 8. பிட்டின் மதிப்பு 1 ஆக இருந்தால் அந்தப் பகுதிக்குத் தடை. 0 ஆக இருந்தால் அனுமதி. அமெரிக்கத் தட்டில் 11111110 என்று இருக்கும். இந்தியத் தட்டில் 11101111. எல்லா ஊருக்கும் பொதுவான தட்டில் 00000000. ஆக, 'ரீஜன் 0' என்று தனியாக ஒரு பகுதி கிடையாது; எதையும் தடுக்காத தட்டுக்கு நாம் வைத்துக்கொண்ட பெயர் அது. பிளேயருக்குள்ளும் இதேபோல் ஓர் எண் நினைவகத்தில் இருக்கிறது. பிளேயர் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கிறது, அவ்வளவுதான். அந்த உள்ளெண்ணை மாற்ற வழி கிடைத்தால் வேலை முடிந்தது.

ஆனால் ரிமோட்டைக் கையில் எடுக்கும் முன் ஒன்றை உறுதிசெய்துகொள்ள வேண்டும். தட்டு ஓடாததற்கு ரீஜன்தான் காரணமா? பாதிப் பேர் இங்கேதான் வழி தவறுகிறார்கள். ரீஜன் தடை என்றால் பிளேயர் தட்டைப் படித்திருக்கும், படித்துவிட்டுத்தான் மறுக்கும். எனவே 'ராங் ரீஜன்', 'ரீஜன் எரர்', 'செக் ரீஜனல் கோட்' என்று ஏதாவது ஒரு வாசகம் வரும். 'நோ டிஸ்க்' என்று வந்தால் அது வேறு நோய்: லென்ஸ் தளர்ந்திருக்கலாம், தட்டு அழுக்காக இருக்கலாம், அல்லது அது ப்ளூ-ரே தட்டாக இருக்கலாம். படம் ஓடி, ஒலி சரியாக வந்து, திரை மட்டும் கறுப்பு வெள்ளையாகவோ மேலும் கீழும் உருண்டுகொண்டோ இருந்தால் அது பால் (PAL), என்டிஎஸ்சி (NTSC) என்ற இரண்டு டிவி முறைகளுக்கு இடையிலான தகராறு. படம் நன்றாக ஓடும்போது பட்டனை அழுத்தினால் கை அடையாளமோ குறுக்குக் கோடு போட்ட வட்டமோ வந்தால் கவலையே வேண்டாம். எச்சரிக்கை வாசகத்தைத் தாண்டி ஓட்டக்கூடாது என்று தட்டு தடுக்கிறது, வேறொன்றுமில்லை.

சரி, 'ராங் ரீஜன்'தான் என்று தெரிந்துவிட்டது. பிளேயரைக் கவிழ்த்து, பின்பக்க ஸ்டிக்கரில் இருக்கும் முழு மாடல் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். 'முழு' என்பதை அழுத்திச் சொல்கிறேன். பிலிப்ஸ் பிளேயர்களில் மாடலுக்குப் பின் சாய்கோடு போட்டு ஓர் எண் வரும். 12 என்றால் ஐரோப்பாவுக்குச் செய்தது, 37 என்றால் அமெரிக்காவுக்குச் செய்தது. ஒரே பெயர், ஒரே முகம், உள்ளே மென்பொருள் வேறு. அக்காவின் பிளேயரில் வேலைசெய்த குறியீடு உங்களிடம் செல்லாமல் போவதற்குப் பெரும்பாலும் இந்தச் சின்ன எண்தான் காரணம்.

பிலிப்ஸ் டிவிபி வரிசையில் பல மாடல்களுக்குப் பொருந்தும் வழியைப் பார்ப்போம். தட்டை வெளியே எடுத்துவிடுங்கள். உள்ளே தட்டு ஓடிக்கொண்டிருந்தால் நமக்கு வேண்டிய பக்கம் மங்கலாகவே இருக்கும், திறக்காது. எடுக்க முடியாவிட்டால் ஸ்டாப் பட்டனை இரண்டு முறை அழுத்தி முழுதாக நிறுத்துங்கள். ரிமோட்டில் செட்டப் (சில ரிமோட்டில் சிஸ்டம் மெனு) அழுத்தி, வலது அம்புக்குறியால் 'ப்ரிஃபரன்ஸ்' பக்கத்துக்குப் போங்கள். அந்தப் பக்கத்தில் எதையும் தேர்வு செய்யாமல் 138931 என்று ஒவ்வோர் எண்ணாக அழுத்துங்கள். நிதானமாக, ஆனால் நடுவே டீ குடிக்கப் போகாமல். சரியாக அழுத்தியிருந்தால் திரையில் ஓர் எண் முளைக்கும். அதுதான் பிளேயரின் இப்போதைய ரீஜன். மேல், கீழ் அம்புக்குறியால் வேண்டிய எண்ணுக்கு மாற்றி, ஓகே அழுத்தி, செட்டப்பை மூடுங்கள். பிளேயரை அணைத்து மறுபடி போட்டுத் தட்டை வையுங்கள்.

சாம்சங்கின் பல பிளேயர்களில் வேறு வழி. தட்டில்லாமல் பிளேயரைப் போட்டு, 'ரிப்பீட்' பட்டனை அழுத்தி, பிளேயர் எந்தப் பகுதியில் விற்றதோ அதற்குரிய ஐந்து இலக்கத்தைக் கொடுக்க வேண்டும். இந்தியப் பிளேயருக்கு 53814. அமெரிக்கப் பிளேயருக்கு 29334, பிரிட்டன், ஐரோப்பாவுக்கு 38767, சிங்கப்பூர், மலேசியாவுக்கு 56732, ஆஸ்திரேலியாவுக்கு 76884. ரீஜன் எண் திரையில் வந்ததும் 9 அழுத்தினால் எல்லாப் பகுதிக்கும் திறந்துவிடும். ட்ரேயைத் திறந்து மூடி, அணைத்துப் போட்டால் நிலைக்கும். இங்கே அடிக்கடி நடக்கும் பிழை, போடப்போகும் தட்டின் ரீஜனுக்குரிய எண்ணைக் கொடுப்பது. கொடுக்க வேண்டியது பிளேயர் பிறந்த ஊரின் எண்.

எல்ஜி பழைய மாடல்களின் குறியீட்டை எழுதியவர் கணக்கு வாத்தியாராக இருந்திருக்க வேண்டும். செட்டப் திரையில் நின்று 'பாஸ்' (Pause) அழுத்தி, 314159 கொடுத்து, மறுபடி 'பாஸ்'. கணக்கில் வரும் பை (π) எண்ணின் முதல் ஆறு இலக்கம்! அதன் பிறகு 0 அல்லது 99, கடைசியாக மீண்டும் ஒரு 'பாஸ்'. மறக்கவே மறக்காது.

சந்தையில் பெயர் தெரியாத கம்பெனிகளின் பெயரில் வந்த மலிவு பிளேயர்களில் ஏராளமானவை மீடியாடெக்கின் எம்டி1389 சிப்பில் ஓடுபவை. இவற்றில் பல கடையிலேயே எல்லா ரீஜனுக்கும் திறந்துதான் வரும். பெரிய பெயர் போட்ட பிளேயர் மறுக்கும் தட்டை, பக்கத்தில் இருக்கும் மலிவு டப்பா முனகாமல் ஓட்டுவதற்குக் காரணம் இதுதான். நேர்மாறாக, சோனி பிளேயர்களில் ரிமோட் குறியீட்டால் பூட்டைத் திறப்பது அரிது. தனிப்பட்ட சிக்னல்களைக் கற்றுக்கொள்ளும் ரிமோட்டோ உள்ளே வைக்கும் சிப்போ தேவைப்படும். என்னைக் கேட்டால் அந்தச் செலவுக்கு ஒரு பழைய மலிவு பிளேயரைத் தனியாக வாங்கி வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

ரிமோட் பற்றி ஒரு வார்த்தை. ஒரிஜினல் ரிமோட் தொலைந்து, கடையில் வாங்கிய காம்பி ரிமோட்டை வைத்திருப்பவர்கள் உண்டு. அதில் 'ரிப்பீட்' இருக்காது, அல்லது இருந்தாலும் வேறு சிக்னல் அனுப்பும். குறியீடு தப்பு என்று பத்து முறை அழுத்திப் பார்ப்பதைவிட, அதே மாடலுக்கான ரிமோட்டை ஒருநாள் கடன் வாங்குவது மேல். தவறான குறியீட்டை அழுத்துவதால் பிளேயருக்கு ஒன்றும் ஆகாது.

ஆனால் ஃபர்ம்வேர், அதாவது பிளேயரின் உள் மென்பொருள், அப்படியில்லை. சில பிளேயர்களுக்கு ரீஜன் நீக்கிய ஃபர்ம்வேரை சிடியில் எழுதிப் போடும் வழி உண்டு. கோப்பின் பெயர், தட்டுக்கு வைக்கும் லேபிள், இரண்டும் எழுத்துப் பிசகாமல் இருக்க வேண்டும்; தட்டில் பிறகு எதுவும் சேர்க்க முடியாதபடி முழுமையாக மூடி (ஃபைனலைஸ் செய்து) எழுத வேண்டும்; மாடலின் சாய்கோட்டு எண் வரை ஒத்துப்போக வேண்டும். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் பிளேயர் செங்கல்லாகிவிடும். நம் ஊர் கரண்டை நம்பி, யுபிஎஸ் இல்லாமல் இதில் இறங்க வேண்டாம்.

பூட்டு திறந்த பிறகும் சில தட்டுகள் ஓடாது. உலக வரைபடத்தைத் திரையில் காட்டி, 'இந்தத் தட்டு உங்கள் பிளேயருக்கு உரியதல்ல' என்கிற மாதிரி ஒரு வாசகத்தை ஓட்டிவிட்டு நின்றுவிடும். பிளேயர் பழுது என்று நினைத்துவிடாதீர்கள். 2000-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் வார்னரும் கொலம்பியா ட்ரைஸ்டாரும் கொண்டுவந்த இரண்டாவது பூட்டு இது, ஆர்சிஇ என்பார்கள். எல்லா ரீஜனும் திறந்த பிளேயர்கள் பெருகிவிட்டதைப் பார்த்து, திருடனைப் பிடிக்கத் திருடன் வேடம் போட்டது போல் ஒரு வேலை செய்தார்கள். அந்தத் தட்டின் ரீஜன் பைட் யாரையும் தடுக்காது. எல்லாருக்கும் கதவு திறந்திருக்கும். உள்ளே போன பிறகு, தட்டில் எழுதியிருக்கும் சிறு நிரல் பிளேயரிடம் 'உன் ரீஜன் எண் என்ன?' என்று கேட்கும். பிளேயரின் 20-ஆம் எண் பதிவகத்தில் அது இருக்கிறது. 'நான் 1' என்று பதில் வந்தால் படம் ஓடும். 'நான் எல்லாமும்' என்று பதில் வந்தால், ஒழுங்கான பிளேயர் அப்படிச் சொல்லாது என்று தட்டுக்குத் தெரியும். வரைபடம் வந்துவிடும்.

இதனால்தான் பிளேயரை 0-இல் வைத்துவிட்டு மறந்துவிடுங்கள் என்ற அறிவுரையை நான் ஏற்பதில்லை. எண்ணைக் கையால் மாற்ற முடிகிற பிளேயர் என்றால், எந்தத் தட்டு அதிகம் பார்க்கிறீர்களோ அந்த எண்ணில் வையுங்கள். அமெரிக்கத் தட்டு என்றால் 1. ஆர்சிஇ உள்ளிட்ட எல்லா அமெரிக்கத் தட்டும் ஓடும். தட்டைப் பார்த்துத் தானாக எண்ணை மாற்றிக்கொள்ளும் பிளேயர்களில் வேறொரு சங்கடம்: ஆர்சிஇ தட்டில் எல்லா எண்ணும் திறந்திருப்பதால், எதற்கு மாறுவது என்று பிளேயருக்குத் தெரியாது, பழைய எண்ணிலேயே நிற்கும். அதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. ஆர்சிஇ இல்லாத சாதாரண அமெரிக்கத் தட்டு ஒன்றைப் போட்டுச் சில விநாடி ஓட விடுங்கள். பிளேயர் 1-க்கு மாறி நிற்கும். அணைக்காமல், அந்தத் தட்டை எடுத்துவிட்டு ஆர்சிஇ தட்டைப் போடுங்கள். பெரும்பாலான பிளேயர்களில் இந்தத் தந்திரம் பலிக்கும்.

மூன்றாவது பூட்டு, உண்மையில் யாரும் போடாத பூட்டு. வரலாறு விட்டுப்போனது. அமெரிக்கா, கனடா, ஜப்பானில் என்டிஎஸ்சி: 480 வரி, விநாடிக்கு 29.97 படம், 60 ஹெர்ட்ஸ். இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், ஆஸ்திரேலியா, ஐரோப்பாவின் பெரும்பகுதியில் பால்: 576 வரி, விநாடிக்கு 25 படம், 50 ஹெர்ட்ஸ். ரீஜன் 2-க்குள்ளேயே ஜப்பான் என்டிஎஸ்சி, பிரிட்டன் பால் என்பதைக் கவனியுங்கள். ரீஜன் எண் ஒத்துப்போவது மட்டும் போதாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு இது பெரிய பிரச்சினை இல்லை. இங்கே விற்கும் எச்டிஎம்ஐ டிவிகள் 50, 60 இரண்டையும் ஏற்கும். பிளேயர் செட்டப்பில் 'டிவி டைப்' என்ற இடத்தில் 'ஆட்டோ' அல்லது 'மல்டி' வைத்துவிட்டால் தட்டில் உள்ளது அப்படியே போகும். வீட்டில் இன்னும் பழைய பெட்டி டிவி இருந்து, மஞ்சள் கேபிளில் அமெரிக்கத் தட்டு கறுப்பு வெள்ளையாக வந்தால், அந்த டிவி என்டிஎஸ்சி நிறத்தைப் பிரிக்கத் தெரியாதது என்று பொருள். பாலில் நிறத்தைச் சுமக்கும் அலை 4.43 மெகாஹெர்ட்ஸ், என்டிஎஸ்சியில் 3.58. டிவி தேடும் இடத்தில் நிறம் இல்லை. பச்சை, நீலம், சிவப்பு என மூன்று முனை கொண்ட கம்போனன்ட் கேபிளுக்கு மாறினால் அந்த அலையே தேவைப்படாது. நிறம் தனிக் கம்பியில் வந்துவிடும். ஒலிக் கேபிளையும் சேர்த்தால் இரண்டு சிவப்பு முனை இருக்கும், ஒன்று படத்துக்கு, மற்றொன்று வலது ஒலிக்கு. இரண்டையும் மாற்றிச் செருகினால் படம் பச்சை பாய்ந்து தெரியும், ஸ்பீக்கரில் இரைச்சல் வரும்.

கஷ்டம் டொரன்டோவில்தான். வட அமெரிக்காவில் விற்ற டிவிகளில் பல 50 ஹெர்ட்ஸைக் கண்டால் திரையைக் கறுப்பாக்கி 'சிக்னல் இல்லை' என்றுவிடும், எச்டிஎம்ஐயில் வந்தாலும் சரி. திருச்சியிலிருந்து போன பால் தட்டை அங்கே பார்க்க, ரீஜன் திறந்த பிளேயர் மட்டும் போதாது. பாலை என்டிஎஸ்சியாக மாற்றித் தரும் பிளேயர் வேண்டும். 'டிவி டைப்' என்டிஎஸ்சியில் நிற்க வேண்டும். மலிவு பிளேயர்கள் இந்த மாற்றத்தை அரைகுறையாகச் செய்யும்: 576 வரியை 480 ஆக்கும்போது ஒழுங்காகச் சுருக்காமல் மேலேயும் கீழேயும் வெட்டிவிடும், சப்டைட்டிலின் கடைசி வரி போய்விடும். கேமரா மெதுவாகத் திரும்பும் காட்சியில் படம் தத்தித் தத்தி நகரும். வாங்கும் முன் அப்படியொரு காட்சியை ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அங்கே இருந்துகொண்டு கை தவறி 'டிவி டைப்'பைப் பாலுக்கு மாற்றிவிட்டால் திரையே போய்விடும், திரும்ப மாற்ற மெனுவும் தெரியாது. பதறாதீர்கள். பல ரிமோட்டுகளில் 'பி/என்' என்று ஒரு பட்டன் இருக்கும். அதை அழுத்த அழுத்த பால், என்டிஎஸ்சி, ஆட்டோ என்று மாறிக்கொண்டே வரும்.

பால் தட்டைப் பற்றி இன்னொரு செய்தி, பாட்டுக் கேட்பவர்களுக்காக. படம் எடுப்பது விநாடிக்கு 24 படம். பாலில் ஓட்டுவது 25. பெரும்பாலான பால் தட்டுகளில் படத்தைச் சும்மா வேகமாக ஓட்டி 25 ஆக்கிவிடுவார்கள். 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும். உறையில் போட்ட நேரத்துக்கும் பிளேயர் காட்டும் நேரத்துக்கும் வித்தியாசம் வந்தால், காட்சி எதையும் வெட்டிவிட்டார்களோ என்று சந்தேகப்பட வேண்டாம். ஆனால் ஒலியும் கூடவே ஏறும், சுமார் நான்கு சதவீதம். சுருதிக் கணக்கில் அரைக்கட்டையில் பத்தில் ஏழு பங்கு. ஆர்மோனியம் வைத்துக்கொண்டு படப் பாட்டோடு சேர்ந்து வாசிக்க முயன்றால், கட்டைக்கும் அரைக்கட்டைக்கும் நடுவில் எங்கோ நின்று கழுத்தறுக்கும். சுருதியைத் திருத்தி அச்சிட்ட பால் தட்டுகளும் உண்டு. ஆனால் உறையைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. என்டிஎஸ்சி தட்டில் படங்களை மூன்று, இரண்டு என்று மாற்றி மாற்றித் திரும்பக் காட்டி 24-ஐ ஈடுகட்டுவதால் சுருதி கெடாது, அசைவில் மட்டும் லேசான தடங்கல் தெரியும். இசைக்காக வாங்குகிறீர்கள் என்றால் என்டிஎஸ்சி தட்டுக்கே என் ஓட்டு.

இனி கணினி. பிளேயரைவிட இங்கேதான் எச்சரிக்கை அதிகம் தேவை. 2000 ஜனவரி 1-க்குப் பின் வந்த டிவிடி டிரைவ்களில் ரீஜன் எண் டிரைவின் உள்ளேயே இருக்கிறது. அதை ஐந்து முறைதான் மாற்றலாம். ஐந்தாவது முறை எங்கே நிற்கிறதோ அங்கேயே பூட்டிக்கொள்ளும். விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டாலும், டிரைவை வேறு கணினியில் மாட்டினாலும் எண்ணிக்கை திரும்பி வராது. அது டிரைவின் நினைவகத்தில் இருக்கிறது. மீதம் எத்தனை என்று பார்க்க, டிவைஸ் மேனேஜரில் டிவிடி டிரைவின் மேல் வலது கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், 'டிவிடி ரீஜன்' தாவல். அங்கே 'சேஞ்சஸ் ரிமெய்னிங்' என்று எண் இருக்கும். தட்டைப் போட்டதும் மென்பொருள் 'ரீஜனை மாற்றட்டுமா?' என்று கேட்கும்போது யோசிக்காமல் சரி என்று அழுத்துகிறவர்கள், ஒரு வார இறுதியில் ஐந்தையும் தீர்த்துவிடுவார்கள்.

மாற்றவே தேவையில்லாத வழி இருக்கிறது: விஎல்சி என்ற படம் ஓட்டும் மென்பொருள். ரீஜன் ஒத்துப்போகாதபோது, தட்டின் குறியாக்கத்தைத் திறக்கும் திறவுகோலை டிரைவ் தர மறுக்கும். விஎல்சியோடு வரும் லிப்டிவிடிசிஎஸ்எஸ் என்ற நிரல் தொகுப்பு, தட்டில் உள்ள தரவைப் பார்த்தே திறவுகோலைக் கணக்கிட்டுவிடும். அது 40 பிட் திறவுகோல்தான். இன்றைய கணினிக்குக் கொசு. ஆனாலும் கணக்கிட வேண்டியிருப்பதால், முதல் முறை படம் தொடங்கச் சற்று நேரம் எடுத்தால் காத்திருங்கள், தொங்கிவிட்டது என்று மூடிவிடாதீர்கள். மெனுவில் சுற்றிச் சுற்றி நின்றால், 'ஓப்பன் டிஸ்க்' பெட்டியில் 'நோ டிஸ்க் மெனுஸ்' என்பதை டிக் செய்து திறந்தால் நேரே படத்துக்குப் போகும். மாட்ஷிடா டிரைவ்களில் சில மட்டும் இதற்கும் மசியாது. ரீஜன் தவறென்றால் குறியாக்கம் செய்த பகுதியைப் படித்துக்கூடக் காட்டாது. பழைய மேக்புக்குகளில் இந்த டிரைவ் அதிகம். அதற்கு மருந்து, யுஎஸ்பியில் செருகும் வெளி டிரைவ் ஒன்று. உள் டிரைவை 5-இலும் வெளி டிரைவை 1-இலும் நிறுத்திவிட்டு, இரண்டையும் அதன்பின் தொடாமல் விடுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்ற கேள்வி வரும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 திருத்தத்தில் சேர்ந்த 65ஏ பிரிவு, பதிப்புரிமையை மீறும் எண்ணத்தோடு தொழில்நுட்பப் பூட்டை உடைப்பதைத்தான் குற்றமாக்குகிறது. தண்டனை இரண்டு ஆண்டு வரை. காசு கொடுத்து வாங்கிய தட்டை வீட்டில் பார்ப்பதும், நகலெடுத்து விற்பதும் ஒன்றல்ல. ஆஸ்திரேலியச் சட்டம் 2006 திருத்தத்தில் ரீஜன் பூட்டைப் பாதுகாப்புக்கு வெளியே வைத்தது. அங்கே கடையில் ரீஜன் திறந்த பிளேயரை வெளிப்படையாகவே விற்பார்கள். அமெரிக்காவில் 1998-இன் சட்டம் இதைவிடக் கறாரானது. அங்கே இருப்பவர்கள் அதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

'நோ டிஸ்க்' என்று வருபவர்களை மேலே பாதியில் விட்டுவிட்டேன். சிடி ஓடுகிறது, டிவிடி மட்டும் ஓடவில்லை என்றால் ரீஜன் குறியீடுகளைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். சிடியைப் படிப்பது 780 நானோமீட்டர் லேசர், டிவிடியைப் படிப்பது 650. இரண்டும் ஒரே பிக்கப்பில் (லென்ஸும் லேசரும் சேர்ந்த பகுதி) இருந்தாலும் தனித்தனி டயோடுகள். டிவிடிக்கானது முதலில் தளரும். தளரத் தொடங்கும்போது 4.7 ஜிபி ஒற்றை அடுக்குத் தட்டு ஓடும், 8.5 ஜிபி இரட்டை அடுக்குத் தட்டு ஓடாது. வெளிநாட்டுத் தட்டுகள் பெரும்பாலும் இரட்டை அடுக்கு என்பதால் 'வெளிநாட்டுத் தட்டு மட்டும் ஓடலை, ரீஜன் பிரச்சினை' என்று தப்பான முடிவுக்கு வர வைக்கும். படம் பாதியில், அடுக்கு மாறும் இடத்தில் நின்றால் பெரும்பாலும் லென்ஸ்தான்.

பிக்கப் மாற்றுவது பெரிய வேலையில்லை. எஸ்எஃப்-எச்டி62 போன்ற பொது வகை என்றால் சென்னை ரிச்சி தெரு மாதிரியான இடங்களில் கேட்டுப் பார்க்கலாம். புதிய பிக்கப்பின் சிறு பலகையில், நிலைமின்சாரம் லேசரைக் கொல்லாமல் இருக்க, இரண்டு புள்ளிகளை ஈயப் பொட்டு வைத்து இணைத்திருப்பார்கள். ஃபிளெக்ஸ் கேபிளைச் செருகிய பிறகு அந்தப் பொட்டைச் சூட்டுக்கோலால் உறிஞ்சி எடுக்க வேண்டும். எடுக்க மறந்தால் புது லென்ஸும் 'நோ டிஸ்க்' என்றே சொல்லும். மூடியைத் திறக்கும்போது பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் சில நிமிடம் பொறுங்கள். பவர் சப்ளையின் பெரிய கப்பாசிட்டரில் 325 வோல்ட் தேங்கி நிற்கும்.

வோல்ட் என்றதும் நினைவுக்கு வருகிறது. தட்டோடு பிளேயரையும் அமெரிக்காவிலிருந்து கொண்டுவருகிறவர்கள் ஸ்டிக்கரில் '100-240' என்று இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் '120' என்றிருந்தால் இங்கே நேரே செருகினால் புகைதான். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். பிளேயர் இழுப்பது இருபது வாட்டுக்குள்தான் என்பதால் 50 விஏ போதும், ஆயிரம் விஏ எல்லாம் வாங்கித் தரையில் உருட்ட வேண்டாம்.

ப்ளூ-ரேயில் எண்ணை விட்டுவிட்டு எழுத்துக்குப் போனார்கள். அமெரிக்கா, ஜப்பான், கொரியா, தென்கிழக்கு ஆசியா ஏ. ஐரோப்பா, ஆப்பிரிக்கா, மத்திய கிழக்கு, ஆஸ்திரேலியா பி. இந்தியா, ரஷ்யா, சீனா சி. ஒரு ப்ளூ-ரே பிளேயரில் டிவிடிக்கான எண்ணும் ப்ளூ-ரேக்கான எழுத்தும் தனித்தனி. மேலே சொன்ன மாதிரி குறியீடுகள் திறப்பது பெரும்பாலும் டிவிடி பக்கத்தை மட்டுமே. விற்பவர் 'மல்டி ரீஜன்' என்றால் எதற்கு மல்டி என்று கேளுங்கள். 4கே தட்டில் ரீஜன் கிடையாது, ஆனால் அதே பெட்டியில் கூடவே வரும் சாதா ப்ளூ-ரே தட்டுக்கு இருக்கலாம்.

எல்லாம் சரியாகி ஓடத் தொடங்கியதும் ஒரு துண்டுக் காகிதத்தில் பிளேயரின் பழைய ரீஜன் எண், இப்போதைய எண், கொடுத்த குறியீடு, 'டிவி டைப்' எதில் நிற்கிறது என்ற நான்கையும் எழுதிப் பிளேயரின் அடியில் ஒட்டிவிடுங்கள். அடுத்த பொங்கலுக்குள் யாராவது ஃபேக்டரி ரீசெட் அழுத்தத்தான் போகிறார்கள்.